பங்காரம்மா கூட்டிய பிரஸ் மீட்

பங்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். மரியாதை கூடிவிடும். மற்ற நேரத்தில் "வா கண்ணு, உக்காரு" என்பவள், கோபம் ஏறினால் "வாங்க, நல்லா உக்காருங்க, சௌரியமா இருக்குதுங்களா?" என்பாள். அவளிடம் வேலை பார்த்தவர்களும் சரி, அவளை வேலைக்கு வைத்திருந்தவர்களும் சரி, அந்த 'ங்க' காதில் விழுந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

பீளமேட்டு நாயுடு வீட்டுப் பெண். ஒப்பணக்காரத் தெருவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பல வருஷம் வேலை பார்த்தாள். பம்ப்செட், நகைக்கடை, வெட் கிரைண்டர் என்று கோயமுத்தூரில் விற்கிற எதற்கும் வாசகம் எழுதுவது, கடை திறப்புக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வருவது, மறுநாள் செய்தி வரும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் எழுதிய கிரைண்டர் வாசகம் ஒன்றுக்குச் சென்னையில் பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டவர் முதலாளி. திரும்பி வந்ததும் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். பங்காரம்மாவின் மேஜைக்கும் தட்டு வந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க. உங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வருமுன்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்றாள். மைசூர்பாகைத் தொடவில்லை. அன்று மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

லேத் பட்டறை வைத்திருந்த கணவர், "வேற வேலை பாத்துக்கலாம். கோபத்தை மட்டும் வெளியவே வெச்சுட்டு வா" என்றார். அந்த ஒன்றுதான் அவளால் முடியாத காரியம்.

பிறகு காந்திபுரத்தில், கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஓர் அறை பிடித்து டி.டி.பி. சென்டர் போட்டாள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட். தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் வாங்கியபோது கூடவே டாங்கிள் என்று கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டும் தந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால், பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் அதைச் சொருகினால்தான் தமிழ் வரும். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்த வாரத்தில் அந்த டாங்கிள் செத்துப்போனது. கம்பெனிக்குப் போன் போட்டால், புதுசு வரத் தாமதமாகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"மெதுவாவே அனுப்புங்க. பொண்ணு மாப்பிள்ளைகிட்ட முகூர்த்தத்தைத் தள்ளி வெச்சுக்கச் சொல்லிப்போடறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் கிருபாசங்கர் ஒரு நோட்டீஸ் அடிக்க வந்தான். வெள்ளகோவில் பையன். பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். அவனும் அவன் நண்பர்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் 'தறி' என்று ஒரு தமிழ் எழுத்துச் செயலி செய்துகொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அதன் நிரலும், அதாவது புரோகிராம் வரிகளும், கூடவே வரும். தெரிந்தவர்கள் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்று அதற்குப் பேர். இதையெல்லாம் அவன் பொறுமையாக விளக்கி முடிக்கும்வரை பங்காரம்மா காத்திருந்தாள்.

"இதுக்கு டாங்கிள் உண்டா கண்ணு?"

"இல்லீங்க்கா."

"அப்ப உங்க கூட்டத்துல என்னையும் சேத்துக்கோ."

நிரல் எழுதுகிறவர்கள் ஏழு பேர். ஆறு பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண் உம்மல் குல்சும். கோட்டைமேட்டிலிருந்து வந்து எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். விசைப்பலகைப் பகுதி முழுக்க அவள் எழுதியது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து, கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதெல்லாம் அவள் கையில். பங்காரம்மாவுக்கு நிரல் எழுதத் தெரியாது. நாள் முழுக்க அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்லித் திட்டுவது அவள் வேலை. "ஏம்மணி, உன்ற தறியில 'ஸ்ரீ' போட்டா முருகனே ஓடிப்போயிருவாரு போல இருக்குதே" என்பாள். குல்சும் சிரித்துக்கொண்டே சரிசெய்வாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் செப்டம்பரில், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ்க் கணினி மாநாடு என்று சனி, ஞாயிறு இரண்டு நாள் ஏற்பாடானது. அதில் தறியை வெளியிடுவதாக முடிவு செய்தார்கள்.

"பிரஸ் வேலைய எங்கிட்ட உட்டுருங்க. நீங்க யாரும் வாயத் தொறக்க வேண்டாம். தொறந்தா கெர்னலு, கம்பைலருன்னு பேசி நிருபரைத் தூங்க வெச்சுப்போடுவீங்க" என்றாள் பங்காரம்மா.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பிரஸ் மீட் என்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கூட்டமும் இருக்காது, கோர்ட்டும் இருக்காது. திங்கட்கிழமைப் பேப்பரை நிரப்பச் செய்தி கிடைக்காமல் நிருபர்கள் அலைவார்கள். வெயிலில் சத்தி ரோட்டில் அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு வந்தவுடன் மோர். செய்திக்குறிப்பு ஒரே பக்கம், தமிழில். புகைப்படத்துக்கு, யாராவது பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையில் அவர் பேரை அவரே அடிக்கச் சொல்வது. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

"ஒரு மோட்டார் வாங்குறீங்க. கம்பெனிக்காரன் மூடியை வெல்டு வெச்சு அடைச்சுக் குடுத்தா வாங்குவீங்களா? காயில் கருகுனா கழட்டித்தானே ரீவைண்டிங் பண்ணணும்? இத்தன நாளா நமக்குக் குடுத்த சாஃப்ட்வேர் எல்லாம் வெல்டு வெச்ச மோட்டாருங்க. தறின்னா மூடியைக் கழட்டிப் பாக்கற மோட்டாரு."

கோயமுத்தூர் நிருபர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பையன்கள் கைதட்டினார்கள்.

செய்திக்குறிப்பின் அடியில் ஏழு பேரின் பெயரும் போட்டிருந்தாள். கிருபாசங்கர் அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினான்.

"பேரெல்லாம் எதுக்குங்க்கா? 'கோவை இளைஞர் குழு'ன்னு போட்டா முடிஞ்சுதுங்களே."

"ஏன்?"

"இல்லீங்க்கா, ஏழு பேரும்னா எடம் பத்தாது..."

"எடம் பத்தறதும் பத்தாததும் என்ற வேலை. நீ காரணத்தைச் சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "குல்சும் பேரு... ஊரு இன்னிக்கு இருக்கற நெலமையில... நம்மூர்ல குண்டு வெடிச்சு ஒன்றரை வருசந்தான் ஆச்சுங்க. எவனாச்சும் எதாச்சும் சொல்லிப்போட்டான்னா அந்தப் புள்ளைக்குத்தான் கஷ்டம்."

கிருபாசங்கர் நல்ல பையன்தான். அதனால்தான் பங்காரம்மாவுக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. "அந்தப் புள்ளைகிட்டக் கேட்டீங்களா தம்பி? கேக்காமயே அவ பேரை அழிக்கிறதுக்கு உங்களுக்கு ஆரு பட்டா போட்டுக் குடுத்தாங்க?" என்றாள். அவன் பேனாவை மூடினான். ஏழு பெயர்களும் குறிப்பில் இருந்தன.

மாநாட்டுக்குச் செலவு செய்ய முன்வந்தவர் சென்னகிருஷ்ணன். கருமத்தம்பட்டியிலிருந்து பொள்ளாச்சி வரை 'சுடர் கம்ப்யூட்டர்ஸ்' என்று பயிற்சி மையங்கள் நடத்துகிறவர். பங்காரம்மாவுக்குச் சின்னம்மா மகன் முறை. ஹால், மைக், சாப்பாடு, பை எல்லாம் தன் செலவு என்றார். தறியின் பிளாப்பிகளை நகலெடுத்து, உறை அச்சடித்துக் கொடுப்பதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "அக்கா, தமிழுக்குச் செய்யறதுக்குக் கணக்குப் பாக்கலாங்களா?" என்றார். பங்காரம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பையன்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மூன்று பேர் மாலையில் சுடரில்தான் வகுப்பெடுத்தார்கள். சரி என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மாநாடு நன்றாக நடந்தது. ஞாயிறு காலை சரவணம்பட்டி பஸ்ஸுக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவள், வழக்கம்போல எல்லாப் பேப்பரும் வாங்கினாள். மூன்றாம் பக்கத்தில் சென்னகிருஷ்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாப்பி. 'சுடர் நிறுவனம் கண்டுபிடித்த தமிழ் மென்பொருள்: இன்று வெளியீடு.' மூன்று வருஷம் தம் மாணவர்களின் துணையோடு இரவுபகலாக உழைத்ததாகப் பேட்டி. அடுத்த பேப்பரிலும் அதே படம். அதற்கடுத்ததிலும். சனிக்கிழமை காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் நிருபர்களுக்கு டிபன் கொடுத்துப் பேசியிருக்கிறார் என்பது கடைசிப் பத்தியைப் படித்தபோது புரிந்தது. மாநாட்டில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவளிடம் அன்று மத்தியானம் வந்து, "அக்கா, நாளைக்குப் பிரஸ்ஸெல்லாம் வந்துருவாங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனவரும் அவர்தான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். உட்கார்ந்தால் கோபம் கொஞ்சம் இறங்கிவிடுமோ என்று பயந்தமாதிரி கம்பியைப் பிடித்திருந்தாள்.

கல்லூரியில் பிளாப்பிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. உறையில் சுடர் நிறுவனத்தின் விளக்குப் படம். குல்சும் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சாவி எண் கேக்குது."

"என்ன சாவி?"

"சுடர் ஆபீசுக்குப் போன் பண்ணி, பேர் பதிஞ்சு, எண் வாங்கிப் போட்டாத்தான் தொறக்குமாம். நிரலை எடுத்துட்டாங்க. 'எழுதியவர்கள்'னு ஒரு பக்கம் வெச்சிருந்தோம்ல? அதுல இப்ப சுடர் அட்ரஸ்தான் இருக்குது." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "மூடியை வெல்டு வெச்சுட்டாங்கக்கா."

கிருபாசங்கர் ஓடிவந்தான். அவனும் பேப்பர் பார்த்திருந்தான். "அக்கா, இப்ப ஒண்ணும் பேச வேண்டாங்க்கா. வெளியூர்க்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. மாநாடு நல்லபடியா முடியட்டும், அப்பறமா நாம தனியாப் போயி அவருகிட்டப் பேசிக்கலாம். விக்கறதுக்கும் குடுக்கறதுக்கும் யாருக்கும் உரிமை உண்டுன்னு நாமதானுங்க லைசென்ஸ்ல எழுதியிருக்கறோம்."

"விக்கட்டும். வேண்டாங்கலை. பூட்டறதுக்கும் எழுதுனவன் பேரை அழிக்கறதுக்கும் எந்த வரியில உரிமை குடுத்தீங்க? காட்டுங்க, படிச்சுக்கறேன்."

அவன் பிளாப்பி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரிங்க தம்பி. நீங்க போயி உக்காருங்க."

பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. செய்தி நேற்றே கிடைத்துவிட்டதே, எதற்கு வெயிலில் வருவார்கள்? மூன்று பேர் மட்டும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நஞ்சுண்டன். பழைய நிருபர், விளம்பர நிறுவன நாட்களிலிருந்து பங்காரம்மாவைத் தெரியும். மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நேத்து டிபனுக்கு என்னையக் கூப்பிடலை. அதனால வந்தேன்" என்றார். பழைய செய்திக்குறிப்பு இனி உதவாது என்று பங்காரம்மா அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மேஜையின் நடுவில் சென்னகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பட்டுச்சட்டை. பின்னால் வரிசையாகப் பையன்கள், ஓரத்தில் குல்சும். சென்னகிருஷ்ணன் மைக்கைப் பிடித்து, "எங்க சுடர் நிறுவனம் தமிழுக்குச் செய்யற ஒரு சின்னக் காணிக்கை..." என்று ஆரம்பித்தார்.

பங்காரம்மா நடந்துபோய் அவர் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள்.

"மன்னிச்சுக்குங்க. இந்தப் பிரஸ் மீட்டைக் கூட்டுனது நானுங்க. அதனால மொதல்ல நான் பேசிக்கறேனுங்க. ஏனுங்க சென்னகிருஷ்ணன், இந்தத் தறியில நீங்க எழுதுன பகுதி எதுன்னு நிருபர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

சென்னகிருஷ்ணன் சிரித்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து தெலுங்குக்கு மாறினார். அக்கா, இது வீட்டு விஷயம், எல்லார் முன்னாலும் வேண்டாம், உனக்கு என்ன வேண்டுமோ சொல், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

பங்காரம்மா மைக்கில் தமிழிலேயே சொன்னாள். "இது ஊட்டு விசயமாம், எனக்கு என்ன வேணும்னு கேக்கறாருங்க. தெலுங்குல கேட்டாரு, உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. அதனாலதான் சொல்றேனுங்க. எனக்கு என்ன வேணும்னா, நேத்து ஹோட்டல்ல பொய் சொன்னதை இங்க வந்து இல்லைன்னு சொல்லணும். பிளாப்பியில போட்ட பூட்டை எடுக்கணும். எழுதுனவங்க பேரை அந்தந்த எடத்துல திரும்பப் போடணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனின் முகம் மாறியது. "எழுதுனவங்க ஆருன்னு காட்டுங்க பாக்கலாம். எல்லாரும் எங்கிட்டச் சம்பளம் வாங்கற பசங்க" என்றார்.

"காட்டறேனுங்க." அவள் பையன்களின் பக்கம் திரும்பினாள். "தறியை எழுதுனவங்க எந்திரிச்சு நில்லுங்க."

ஒருவரும் எழவில்லை. ஒருவன் செருப்பின் வாரைச் சரிசெய்தான். இன்னொருவன் கூரை விசிறியைப் பார்த்தான். கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பங்காரம்மாவுக்குச் சென்னகிருஷ்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நொடியில் இவர்கள் மேல் திரும்பியது. ஆம்பளைப் பசங்க ஆறு பேர், இத்தனை ஞாயிற்றுக்கிழமை, இத்தனை டீ!

அப்போது ஒரு நாற்காலி நகர்ந்தது. குல்சும் எழுந்து நின்றிருந்தாள்.

"நான் எழுதுனேன்" என்றாள். "விசைப்பலகை என்னோடது."

நஞ்சுண்டன் பேனாவைத் திறந்தார். "உன் பேரு என்னம்மா?"

"உம்மல் குல்சும். அத்தா பேரு பீர் முகம்மது. கோட்டைமேடு." பிறகு கிருபாசங்கரைத் திரும்பிப் பார்த்தாள். "மத்தவங்க பேரும் எனக்குத் தெரியும். ஆனா அதை அவங்கதான் சொல்லணும்."

யாரோ மைக்கை அணைத்தார்கள். பங்காரம்மா மைக் இல்லாமலே பேசினாள். மோட்டார், மூடி, வெல்டு எல்லாவற்றையும் சொன்னாள். குல்சும் தன் பையிலிருந்த பழைய பிளாப்பியைப் போட்டு, பூட்டில்லாத தறியையும், அதன் நிரலையும் திரையில் திறந்து காட்டினாள். சென்னகிருஷ்ணன் எழுந்து போய்விட்டார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், தமிழ்ப் பண்பாடு இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்று வருத்தப்பட்டார். "சந்திக்கு வராம எப்படிங்கய்யா ஊருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் பங்காரம்மா.

திங்கட்கிழமைப் பேப்பரில் தலைப்பு, 'கணினி மாநாட்டில் ரகளை.' இன்னொன்றில், 'நடுத்தர வயதுப் பெண் வாக்குவாதம்.' அவள் பேரைக்கூடப் போடவில்லை. பங்காரம்மா அந்த ஆபீசுக்கே போய், "நடுத்தர வயசுன்னு அளந்து பாத்தீங்களாங்க?" என்று கேட்டாள். திருத்தம் போடச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள். கடைசிவரை போடவில்லை. நஞ்சுண்டன் மட்டும் முழுசாக எழுதியிருந்தார்: வெல்டு வைத்த மோட்டார், சாவி எண், உம்மல் குல்சும் என்ற பேர், அசல் பிளாப்பி கிடைக்கும் இடமாகப் பங்காரம்மாவின் கடை.

அன்று முதலில் கடைக்கு வந்தவர் குல்சுமின் அத்தா பீர் முகம்மது. செய்தித்தாள் கையில் மடித்திருந்தது. அவர் குரலில் கோபம் இருந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகம். "எதுக்குங்க என் புள்ளை பேரைப் போட வெச்சீங்க? நாங்க வெளிய தெரியாம இருக்கணும்னு இருக்கறவங்க. உங்களுக்கு என்னங்க, சண்டை போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க."

பங்காரம்மாவுக்குக் கிருபாசங்கர் சொன்னதில் இருந்த பாரம் அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணா" என்றாள். இந்த 'ங்க'வில் கோபம் இல்லை. பின்னாலேயே வந்த குல்சும், "அத்தா, அவங்க போடலை. கேட்டாங்க, நான் சொன்னேன். நானே சொன்னது" என்றாள். அவர் மகளைப் பார்த்துவிட்டு, பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதைக் கிழித்துப் போடவில்லை என்பதை மட்டும் பங்காரம்மா கவனித்தாள்.

பத்து மணிக்குமேல் போன் அடிக்க ஆரம்பித்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஈரோட்டில் ஒரு அச்சகம், அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடம். "அந்த மூடியில்லாத சாஃப்ட்வேர் உங்ககிட்டத்தானுங்க கெடைக்கும்?" என்று கேட்டார்கள். ரகளை என்று போட்டதால்தான் அத்தனை பேர் படித்திருந்தார்கள். தமிழ் மென்பொருள் வெளியீடு என்று ஒழுங்காகப் போட்டிருந்தால் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். இது பங்காரம்மாவுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுடர் ஆபீசுக்கும் போன் போயிருக்கிறது. பூட்டு எதற்கு என்று பிளாப்பி வாங்கினவர்களே கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்குள் சென்னகிருஷ்ணன் சாவி எண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் மகள் வயசுக்கு வந்த சீருக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தபோது, பங்காரம்மா கதவருகிலேயே நின்று, "வந்ததுல ரொம்ப சந்தோசமுங்க" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. சீருக்கும் போகவில்லை.

கிருபாசங்கர் டிசம்பரில் வந்தான். அடுத்த பதிப்பு தயாராகிவிட்டது, இந்த முறை திருப்பூரில் வெளியீடு, பிரஸ் வேலையை அக்காதான் பார்க்க வேண்டும் என்றான். அன்று எழாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் பேச வாயெடுத்தான். "அதைப் பேசாதீங்க. பேசினா நீங்க ஊடு போய்ச் சேர மாட்டீங்க" என்றாள். பிறகு, "முதல் திரையிலேயே எல்லார் பேரும் வரணும். பிளாப்பியைப் போட்டதுமே கண்ணுல படணும்" என்றாள். அவன் தலையாட்டினான்.

மறு ஞாயிறு ஏழு பேரும் அவள் கடையில் கூடினார்கள். பேர்களை அடித்து முடித்ததும், சுடரில் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, தன் பேர் மட்டும் வேண்டாம் என்றான். வேலை போய்விடும், வீட்டில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது என்றான்.

பங்காரம்மா கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள். "நானு அழிக்க மாட்டேனுங்க. இங்க வேற ஆரும் அழிக்க மாட்டாங்க. வேண்டாம்னா நீங்களே உங்க கையால அழிச்சுக்குங்க."

அழிக்க மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை அழித்தான். எழுந்து, "போயிட்டு வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருப்பூரில் தறி ஆறு பெயர்களோடு வெளிவந்தது. நிருபர்கள் நாற்காலி பத்தாமல் நின்றார்கள். செய்தி எல்லாப் பேப்பரிலும் ஒழுங்காக வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். குல்சும் ஜன்னல் பக்கம் தூங்கிப்போனாள். பங்காரம்மா மட்டும் அவிநாசி தாண்டி, கருமத்தம்பட்டி தாண்டி, ஊர் வந்து சேரும்வரை, இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். சென்னகிருஷ்ணன் மேல் இருந்த கோபம்கூட அவளுக்கு ஓரளவு ஆறிவிட்டது. அந்தப் பையன் தன் விரலாலேயே தன் பேரை அழித்ததுதான் ஆறவில்லை. கோபம் அவன் மேலா, அவனை அழிக்க வைத்தவர்கள் மேலா, கீபோர்டைத் தள்ளிவிட்ட தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.